நாற்பது பொங்கல் வாழ்த்தும் ஒரு காகிதத் தோரணமும்

பொங்கல் வாழ்த்து அட்டைகளில் ஒட்டும் காகிதப் பானைக்காக, உருளைகளுக்கு நடுவே தாளை விட்டு வெட்டுகிற சின்ன மெஷினில் முதல் நாள் மாலை பன்னிரண்டு வட்டங்கள் வெட்டினேன். ஒன்றுகூட முழுசாக வெளியே வரவில்லை. வலது ஓரமும் இடது ஓரமும் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தன. மேலும் கீழும், அதாவது உருளையின் நடுப்பகுதி வழியாகப் போன இடங்களில், தாளில் வெறும் தடம் மட்டும் விழுந்து ஒட்டியே இருந்தது. மீதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தால் அந்த இடம் கோணலாகத் தெரிந்தது. பொங்கல் பானைக்கு வயிறு கோணலாக இருந்தால் பார்க்க நன்றாக இராது.

என்னிடம் இருப்பது கையால் சுற்றுகிற டை கட்டிங் மெஷின். கரும்புச்சாறு பிழிகிற இயந்திரத்தை மனசில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டு உருளைகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி, 15 செ.மீ. அகலத்துக்கு ஒரு வாய். அடிப்பலகையின் மேல் கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் தகடு, அதன் மேல் டை என்கிற வெட்டு அச்சு, அதன் மேல் தாள், அதற்கும் மேல் இன்னொரு தகடு. இந்த அடுக்கை உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுற்றினால், டையின் கூர்மையான விளிம்பு தாளை அழுத்தி வெட்டிவிடும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். மெல்லிய டை என்பது ஒரு மி.மீ. அளவே தடிமன் உள்ள இரும்புத் தகடு. ஒரு பக்கம் மட்டும் விளிம்பு எழும்பி இருக்கும்.

வட்டம் சரியாக வெட்டுப்படாததற்கு டையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். மழுங்கிவிட்டதோ என்று பழைய செய்தித்தாளை வைத்துப் பார்த்தேன். அழகாக வெட்டியது. அப்புறம் தகடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு வருஷமாக எல்லா டையையும் தகட்டின் நட்ட நடுவிலேயே வைத்து வெட்டியிருக்கிறேன். நடுவில் வெட்டுத் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து அந்த இடமே தேய்ந்து பள்ளமாகியிருந்தது. தகடு ஒரு பக்கமாக வளைந்தும் இருந்தது. அழுத்தம் ஓரத்தில் இருக்கிறது, நடுவில் இல்லை.

சரிசெய்தது இப்படி. வளைந்த தகட்டைத் திருப்பிப் போட்டு, வளைவு எதிர்ப்பக்கம் வரும்படி வைத்தேன். மேல் தகட்டைக் கீழேயும் கீழ்த் தகட்டை மேலேயும் மாற்றினேன். பாதிக் குறை போனது. மீதிக்கு, சாதாரண ஜெராக்ஸ் தாளிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அடிப்பலகைக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவே, சரியாகப் பள்ளம் இருக்கும் இடத்தில் மட்டும் வைத்தேன். ஜெராக்ஸ் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. தான். அந்த ஒரு பட்டைக்கே வட்டம் முழுசாக விழுந்தது. முழுத் தாளையும் வைத்தால் ஓரத்திலும் அழுத்தம் கூடித் தகட்டில் ஆழமாகத் தடம் விழுகிறது, பட்டைதான் சரி. அன்றிலிருந்து டையை ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை நடு என்று மாற்றி மாற்றி வைக்கிறேன். தகட்டின் ஆயுளுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை.

இனி, எதற்காக இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் மார்கழி பாதி தாண்டினால் கடைத்தெருவில் பொங்கல் வாழ்த்து அட்டைகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். மாடு, கரும்பு, சாமி, நடிகர்கள் என்று எல்லாப் படமும் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை சிவகாசியில் அச்சானவை. அப்பா முப்பது நாற்பது வாங்கி வந்து, வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து முகவரி எழுதச் சொல்வார். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் எப்போது நின்றது என்று எனக்கே நினைவில்லை. 2025 பொங்கலுக்கு மறுபடி நாற்பது பேருக்கு அனுப்புவது, அதையும் கையால் செய்து அனுப்புவது என்று கார்த்திகையிலேயே முடிவு செய்தேன்.

அங்கேதான் முதல் தடை. இணையத்திலும் கடையிலும் கிடைக்கிற டைகளில் பனித்துளி இருக்கிறது, கிறிஸ்துமஸ் மரம் இருக்கிறது, குழந்தை வண்டி, ரோஜா, பட்டாம்பூச்சி எல்லாம் இருக்கின்றன. பானை இல்லை, கரும்பு இல்லை, கோலம் இல்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த வகைக் கருவி வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே எலிசன் என்ற நிறுவனம் 1977இல் பள்ளிகளுக்காக எழுத்து வெட்டும் கருவி செய்யத் தொடங்கியது. சிசிக்ஸ் என்ற பெயரில் வீட்டுக்கான கருவிகளைப் பின்னாளில் கொண்டு வந்ததும் அதே நிறுவனம்தான். அவர்கள் பண்டிகைக்கு அவர்கள் டை செய்தார்கள். நம் பண்டிகைக்கு நாம்தான் வழி பார்க்கவேண்டும்.

பானைக்கென்று தனியாக ஒரு டை செய்து வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். டை வெட்டு நமக்குப் புதிய தொழில் இல்லையே. இனிப்புக் கடைப் பெட்டி, பட்டாசுப் பெட்டி, கல்யாணப் பத்திரிகை உறை எல்லாம் டையில் பஞ்ச் செய்ததுதான். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் செருப்புக்குத் தோல் வெட்டுவதும் இதே முறையில்தான். அதனால் திருவல்லிக்கேணியில் அச்சகங்களுக்கு டை செய்து கொடுக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன்.

அங்கே கழித்த அந்த ஒரு மணி நேரம் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒட்டுப்பலகையில் படத்தை வரைந்து, கோடு வழியே மெல்லிய பிளவு அறுத்து, அதில் இரும்பு பிளேடை வளைத்துச் செருகுகிறார்கள். பலகையின் தடிமன் 18 மி.மீ., பிளேடின் உயரம் 23.8 மி.மீ. வெட்டவேண்டிய இடத்தில் கூர்மையான பிளேடு. மடிக்கவேண்டிய இடத்தில் அதைவிடக் கொஞ்சம் உயரம் குறைந்த, முனை மழுங்கிய பிளேடு. அதைக் கிரீசிங் என்கிறார்கள். பிளேடுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் துண்டுகள் ஒட்டுகிறார்கள். வெட்டு முடிந்ததும் அட்டையை மேலே தள்ளிவிடுவது அந்த ரப்பர்தான். அங்கே வேலை செய்த பெரியவர் ஒரு பலகையைக் கையில் கொடுத்துக் காட்டினார். பிளவுகள் ஒரே தொடராக இல்லை. அங்கங்கே ஒரு விரல் அகலத்துக்கு மரம் விடப்பட்டிருந்தது.

"முழுசா அறுத்துட்டா உள்ள இருக்கிற பலகை கழண்டு விழுந்துரும்மா. அதுக்குத்தான் பாலம் விடுறது. அந்த இடத்துல பிளேடுக்கு அடியில மட்டும் வெட்டி விட்டுருவோம், மேல வெட்டுறது தொடர்ச்சியாத்தான் இருக்கும்" என்றார்.

என் மெஷினின் வாய் அளவைக் கேட்டார். நான் முன்பே அளந்து எழுதி வைத்திருந்தேன். அடிப்பலகை இல்லாமல், தகடும் டையும் தாளும் எல்லாம் சேர்த்து 22 மி.மீ. வரைதான் உள்ளே போகும். அவர்கள் பிளேடு உயரமே 23.8. பலகையோடு உள்ளே விடவே முடியாது. "இது பிரஸ்ஸுக்கு உள்ள டை. உங்க மெஷினுக்கு ஆகாது" என்று நேராகச் சொல்லிவிட்டார். காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்திருக்கலாம், செய்யவில்லை. அப்புறம் என் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "பானைதானே? ஒரு பெரிய வட்டம், ஒரு பட்டை, மேல நுரை. இதுக்கெதுக்கும்மா தனி டை?" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். என்னிடம் ஏற்கெனவே இருந்த டைகளை மேசையில் பரப்பினேன். பெயரை மறந்துவிட்டு வடிவத்தை மட்டும் பார்த்தேன். 62 மி.மீ. வட்டம். பூ விளிம்பு மாதிரி வளைவு வளைவாக ஓரம் உள்ள 48 மி.மீ. வட்டம். ஒரே தகட்டில் நான்கு குறுகிய இலைகள் உள்ள டை. பெரிய மாவிலை அளவுக்கு ஒரே ஒரு இலை உள்ள கனமான டை. இவ்வளவு போதும் என்று தெரிந்தது. டை வாங்கப் போகிறவர்களுக்கு என் கருத்து இதுதான்: மான், பொம்மை, வண்டி என்று முழு உருவமாக வருபவற்றை விடுங்கள். வட்டம், நீள்வட்டம், அலைவிளிம்பு வட்டம், இரண்டு அளவில் இலை. இந்த ஐந்தை வைத்துக்கொண்டு மயில், விளக்கு, தாமரை, பானை, சூரியன் எல்லாவற்றையும் கட்டிவிடலாம்.

காகிதத்துக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் இறங்கி, பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு நடந்தேன். கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் காகிதக் கடைகளும் நிறைந்த தெரு அது. அடித்தாளுக்கு 250 ஜிஎஸ்எம் வெள்ளை, பானைக்குச் செம்பு நிறத்தில் 220, இலைக்கும் கரும்புக்கும் 160 வாங்கினேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில். மெல்லிய டைக்கு 300க்கு மேல் போனால் கைப்பிடி கனக்கும். 120க்குக் கீழே போனால் வெட்டிய வடிவம் சுருண்டுகொள்ளும். ஆசைப்பட்டு, புதுச்சேரியில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்கிற கைமுறைக் காகிதமும் நாலு தாள் வாங்கினேன். பார்க்கவும் தொடவும் அவ்வளவு அழகு. ஆனால் அதன் நார் நீளமானது. மெல்லிய டை அதை வெட்டுவதற்குப் பதில் பிய்க்கிறது. ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாக நிற்கிறது. அதைப் பின்னணித் தாளாக, ஸ்கேல் வைத்து ஈரக்கோடு போட்டுக் கிழித்துப் பயன்படுத்தினேன். அந்தக் கிழிந்த ஓரம் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

ஏ4 தாளை இரண்டாக வெட்டினால் ஏ5. அதை மடித்தால் 105க்கு 148 மி.மீ. வாழ்த்து அட்டை. ஆக நாற்பது அட்டைக்கு இருபது ஏ4 தாள். இதில் கவனிக்கவேண்டியது நாரின் போக்கு. ஆலையில் செய்த காகிதத்தில் நார் பெரும்பாலும் ஒரு திசையில் படுத்திருக்கும். மடிப்பு அந்தத் திசையோடு போனால் மழமழவென்று மடியும். குறுக்கே போனால் மடிப்பு முதுகு வெடித்து வெள்ளை தெரியும். தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அப்படி வளைக்கும்போது மடிப்புக்கோடு விழக்கூடிய திசைதான் நாரின் போக்கு. நான் வாங்கிய இரண்டு கட்டில் ஒன்று நீளவாக்கில், மற்றது குறுக்குவாக்கில் வெட்டப்பட்டது. பார்க்காமல் மடித்திருந்தால் பாதி அட்டை வீண். மடிப்புக்கோட்டை மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்தி இழுத்துக்கொண்டேன். கோடு போட்டதில் பின்பக்கம் எழும்பும் மேடு, மடித்தபின் உள்பக்கமாக வரவேண்டும். பலர் இதைத் தலைகீழாக மடிக்கிறார்கள்.

சென்னையில் மழைக்காலம் முடிந்த கையோடு இந்த வேலையைத் தொடங்கினால் காகிதம் நமத்துப்போயிருக்கும். நமத்த தாளை டை வெட்டாது, மெல்லும். தாள்களை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், புதுப் பையோடும் செருப்போடும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு இரண்டு நாள் வைத்தேன். அவசரத்துக்கு, செய்தித்தாள் நடுவில் வைத்துக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டாலும் போதும்.

இப்போது பானை. செம்பு நிற வட்டம் வயிறு. தாளின் நல்ல பக்கம் டையின் கூர்விளிம்பைப் பார்த்து இருக்கும்படி வைத்தேன். அப்படி வெட்டினால் முன்பக்கத்து ஓரம் லேசாக உருண்டு உள்வாங்கும். தட்டையான வட்டம்கூடப் பானை மாதிரி உப்பித் தெரியும். மாற்றி வைத்தால் அந்த உருட்சி பின்பக்கம் போய்விடும். கழுத்துக்கு 34க்கு 9 மி.மீ. பட்டை, வாய் விளிம்புக்கு 42க்கு 7 மி.மீ. பட்டை. விளிம்புப் பட்டையின் நான்கு மூலையையும் கத்தரியால் வளைத்துவிட்டேன். பொங்கி வழியும் பாலுக்கு அந்த அலைவிளிம்பு வட்டம். வெள்ளைத் தாளில் வெட்டி, நேர் பாதியாக நறுக்கி, விளிம்புப் பட்டைக்குப் பின்னால் ஒட்டினால் நுரை தலைதூக்கி நிற்பது போலவே இருக்கிறது. ஒரு வட்டத்தில் இரண்டு பானைக்கு நுரை. ஆக இருபது வட்டம் போதும். ஒரு ஓரத்தில் சின்னத் துண்டு நுரையை விளிம்புக்கு முன்னால் இறக்கி ஒட்டினேன். பால் வழிகிற இடம் அது.

கரும்புக்கு ஊதாத் தாளில் 7 மி.மீ. அகலப் பட்டைகள், 105 மி.மீ. நீளம். அட்டைக்கு இரண்டு. கணுவுக்கு, மை தீர்ந்த அதே பேனாவால் குறுக்குக் கோடு. முதலில் சரியாக 14 மி.மீ. இடைவெளியில் போட்டேன், ஏணிப் படி மாதிரி இருந்தது. அடியில் கணு நெருக்கமாக, மேலே போகப்போக இடைவெளி கூட விட்டதும் கரும்பாக மாறியது. தோட்டத்தில் பார்த்தால் அப்படித்தானே இருக்கும். தோகைக்குக் குறுகிய இலைகள். ஒரு கரும்புக்கு மூன்று என்றால் அட்டைக்கு ஆறு, நாற்பது அட்டைக்கு 240. ஒரு சுற்றில் நான்கு இலை வெட்டும் டை என்பதால் 60 சுற்று.

இந்த இலை டைதான் என்னைக் கொஞ்சம் சோதித்தது. குறுகலான முனையில் தாள் டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஊசியால் நெம்பினால் முனை கிழியும். டைக்கும் தாளுக்கும் நடுவே கேக் செய்ய விற்கும் பட்டர் பேப்பரை ஒரு துண்டு வைத்ததும் இலைகள் தாமாகவே உதிர்ந்தன. ஒரு துண்டு பட்டர் பேப்பர் ஏழெட்டுச் சுற்றுக்கு வருகிறது. டை நகராமல் இருக்கச் சாதாரண செலோடேப் ஒட்டக்கூடாது, தாளைத் தோலோடு உரிக்கும். பெயின்ட் அடிப்பவர்கள் ஓரத்துக்கு ஒட்டுகிற மாஸ்கிங் டேப்பை வாங்கி, துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துவிட்டு ஒட்டலாம். நீள நேர்க்கோடு உள்ள டையாக இருந்தால் உருளைக்கு இணையாக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வைப்பது நல்லது. முழுக் கோடும் ஒரே நேரத்தில் உருளையில் மாட்டினால் கைப்பிடி முரண்டு பிடிக்கும்.

கோலத்துக்கு வழி கிடைத்த விதம் எனக்கே சந்தோஷம். எம்பாஸிங் ஃபோல்டர் என்று ஒன்று உண்டு. புத்தகம் போலத் திறக்கும் பிளாஸ்டிக் மடல். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் அதற்கேற்ற பள்ளம். நடுவில் தாளை வைத்து உருளையில் விட்டால் படம் புடைத்து வரும், வெட்டுப்படாது. என்னிடம் வெறும் புள்ளி புள்ளியாக உள்ள ஒன்று இருந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன், அடுத்தடுத்த வரிசையில் புள்ளிகள் இடைவெளியில் விழுகின்றன. நம் ஊடுபுள்ளிக் கோலத்துக்கு வைக்கிற புள்ளியேதான். காவி நிறத் தாளில் புள்ளிகளைப் புடைக்க வைத்து, அவற்றைச் சுற்றி வெள்ளை ஜெல் பேனாவால் இழை இழுத்தேன். காவி மண் மெழுகிய வாசலில் மாக்கோலம் போட்ட மாதிரி வந்தது. புள்ளி புடைத்து இருப்பதால் பேனா தானாகவே வளைந்து போகிறது. அட்டையின் கீழ்ப்பகுதிக்கு 40 மி.மீ. உயரத்துக்கு ஒரு பட்டை, அதன் மேல் பானை.

புடைப்புக்கும் வெட்டுக்கும் அடுக்கு வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஃபோல்டர் மெல்லிய டையைவிடத் தடிமன் அதிகம். அதனால் இரண்டு தகடுகளில் ஒன்றை எடுத்துவிடவேண்டும். இரவு பத்தரை மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், அதை எடுக்காமல் உள்ளே விட்டுவிட்டேன். கைப்பிடி இறுகியது. நிறுத்தியிருக்கவேண்டும். இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினேன். சட்டென்று ஒரு சத்தம்; மேல் தகடு மூலையிலிருந்து நடுவரை விரிசல். ஃபோல்டரின் மடிப்பும் பிரிந்துவிட்டது. அதைப் பின்னால் டேப் ஒட்டி ஓட்டினேன், தகட்டைப் புதிதாக வாங்கவேண்டியதாயிற்று. கைப்பிடி வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் அடுக்கு தப்பு என்று அர்த்தம். பின்னால் சுற்றி வெளியே எடுத்துவிட்டு எண்ணிப் பாருங்கள். இப்போது மெஷினின் பக்கவாட்டில் இரண்டு அடுக்கையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். இன்னொன்று, தாளின் மேல் தண்ணீரை மிக லேசாகத் தெளித்து ஒரு நிமிஷம் விட்டுப் புடைக்க வைத்தால் புள்ளியின் தலை வெடிப்பதில்லை.

வாழ்த்து எழுத்தையும் வெட்டி ஒட்ட ஆசைப்பட்டேன். கட்டர் வைத்து 'பொங்கல்' என்று ஒரு அட்டையில் வெட்டிப் பார்த்தேன். கொம்பின் சுழியும் லகரத்தின் வளைவும் உள்ளே ஓட்டை ஓட்டையாக விழுந்தன. ல் மேலே உள்ள புள்ளி எதோடும் ஒட்டாமல் தனியே நின்றது. பட்டறைப் பெரியவர் சொன்ன பாலம் அப்போது நினைவுக்கு வந்தது. எழுத்துக்கு எழுத்து பாலம் விட்டால் படிக்க முடிகிறது, ஆனால் அழகு போய்விடுகிறது. தமிழ் எழுத்தின் அழகே அந்தச் சுழியில்தான் இருக்கிறது. அப்பாவிடம் தடித்த முனைப் பேனாவைக் கொடுத்தேன். எழுபது வயசுக்கு மேல் கை கொஞ்சம் நடுங்கும். ஆனாலும் வரிக்கு வரி அதே சாய்வு, அதே அளவு.

"ஏம்மா, 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்'னு மட்டும் போட்டா போதுமா, பேரும் எழுதணுமா?"

"பேரும் எழுதுங்கப்பா. முன்னெல்லாம் எப்படி எழுதுவீங்களோ அப்படியே."

அப்புறம் நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி கூட எழுதினார். ஒரு நாளைக்கு எட்டு அட்டை என்று ஐந்து நாள்.

ஒட்டுவதில் பசை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஃபெவிகாலில் தண்ணீர் இருக்கிறது. தாராளமாகப் பூசினால் தாள் அலை அலையாக நெளியும். பல்குச்சி முனையால் பொட்டுப் பொட்டாக வைத்து, மேலே கனமான அகராதியைப் பத்து நிமிஷம் வைத்தேன். கோலப்பட்டைக்கு டபுள் சைடு டேப். பானையின் வயிற்றுக்கு மட்டும் ஃபோம் டேப், அது பானையை 2 மி.மீ. தூக்கி நிறுத்தும். கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டுவதற்குப் பதிலாக, வெள்ளை நூலை மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரில் முக்கிக் காயவைத்துச் சுற்றினேன். இரண்டு சின்ன இலைகளை முடிச்சில் செருகினேன். நூல் எலும்பு மாதிரிக் காய்ந்த பிறகு சுற்றவேண்டும். ஈரம் இருந்தால் வெள்ளை நுரையில் மஞ்சள் ஏறிவிடும். எனக்கு மூன்று பானையில் ஏறியது.

எடைக் கணக்கும் பார்த்தேன். ஏ5 அளவுக்கு 250 ஜிஎஸ்எம் தாள் என்றால் அடித்தாள் மட்டும் கிட்டத்தட்ட 7.8 கிராம். மேலே ஒட்டியது எல்லாம் சேர்த்து, சமையலறைத் தராசில் ஒரு அட்டை 13 கிராம், உறையோடு 17 கிராம் வந்தது. உறை சி6 அளவு, 114க்கு 162 மி.மீ.; இந்த அட்டை அதில் தாராளமாக உட்காரும். மேசையில் காய்ந்துகொண்டிருந்த நாற்பது பானைகளையும் ஒன்றாகப் பார்த்தபோது மனசு நிறைந்துபோனது.

இனி தோரணம். இதற்கு அந்தக் கனமான இலை டை. நீளம் 13 செ.மீ. இது மெல்லிய டை வகை இல்லை. பட்டறையில் பார்த்தது போலவே பிளேடு பதித்து ஸ்பான்ஜ் ஒட்டியது, வீட்டு மெஷினுக்கு ஏற்ற உயரத்தில். இந்த வகை ஒரே சமயத்தில் நாலு தாள் வரை வெட்டும், துணியும் வெட்டும். 160 ஜிஎஸ்எம் பச்சையில் இரண்டு சாயல்கள் எடுத்து 21 இலைகள் வெட்டினேன். நடு நரம்புக்குப் பேனாவால் கோடு இழுத்து லேசாக மடித்து, பக்க நரம்புகளைக் கத்தரியின் முதுகால் கீறினேன். காம்பு நீளமாக விட்டு, சணல் கயிற்றின் மேல் மடித்து ஒட்டினேன். இலைக்கு இலை நடுவில் சிவப்பு வட்டம், பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டியது. பத்திரிகை அட்டையின் தங்கப் பூச்சு நன்றாகவே மின்னியது.

வாசலில் கட்டினேன். மறுநாள் காலை மார்கழிப் பனியில் எல்லா இலையும் தலை தொங்கி நின்றது. ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் தாங்குமா என்று இரண்டு இலையில் பார்த்தேன். காய்ந்ததும் அப்பளம் மாதிரிச் சுருண்டது. அத்தோடு காகிதத் தோரணத்தை உள்ளே, பூஜை அறை நிலைக்குக் கொண்டு போய்விட்டேன். வாசலுக்கு மாவிலைதான். அதை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஆனால் அந்த டை துணியும் வெட்டும் என்பது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவின் பழைய பச்சைச் சுங்குடிச் சேலை ஒன்று, முந்தானை கிழிந்தது, பெட்டியில் கிடந்தது. வெறுமனே வைத்து வெட்டினால் நூல் பிரிகிறது. சாதம் வடித்த கஞ்சியைக் கெட்டியாகப் போட்டு, நிழலில் காயவைத்து, விறைப்பாக இஸ்திரி போட்ட பிறகு வெட்டினேன். ஓரம் கத்தரித்த மாதிரி நின்றது. இரண்டு துணி இலைக்கு நடுவில் ஒரு காகித இலையை வைத்து ஒட்டியதும் விறைப்பு வந்துவிட்டது. சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகள் இலையில் விழுந்தவிதம் கோல அட்டையோடு பொருந்திப்போனது. கூடத்து ஊஞ்சல் சங்கிலியில் இப்போது அதுதான் தொங்குகிறது. கஞ்சி போட்ட துணி என்பதால் பூச்சி வராமல் இருக்க, எடுத்து வைக்கும்போது வேப்பிலைச் சருகு போட்டு வைக்கவேண்டும்.

அட்டைகளை ஜனவரி 6ஆம் தேதி, திங்கட்கிழமை, தபாலில் சேர்த்தேன். முதல் தொலைபேசி அழைப்பு காரைக்குடியிலிருந்து அத்தை. "பானையைத் தொட்டுப் பார்த்தேன்டி, மேல எழும்பி நிக்குது. இது அண்ணன் கையெழுத்துதானே?" என்று கேட்டாள். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்று பேருக்குப் பானை நசுங்கிப் போயிருந்ததாகப் படம் அனுப்பினார்கள். மூன்று உறையிலும் தபால்தலை ஒட்டிய மூலைக்கு நேர் கீழே பானை இருந்திருக்கிறது. முத்திரை விழுந்த இடம் அதுதான். அட்டையை உறைக்குள் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தால் பானை எதிர்மூலைக்குப் போயிருக்கும். கோலப்பட்டைக்கு மேல் பானையை வைக்கும் இடத்தையும் 12 மி.மீ. இடப்பக்கம் தள்ளி, மாதிரி அட்டையில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். அந்த அட்டையும் மீந்த ஏழு நுரைத் துண்டுகளும் டை டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கின்றன.